ராமநாதபுரம் கண்மாய்களும் வலசை வாத்துகளும்: கேள்வி பதில்

ஐப்பசி மழை கண்மாய்களை நனைத்ததும் வாத்துகள் வந்துவிடும், கூடவே கேள்விகளும். முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் பறவை பார்த்து, ஆண்டுக் கணக்கெடுப்பிலும் கலந்துகொள்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முருகேசன், முதுகுளத்தூர்: சித்திரங்குடிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து பறவைகள் வந்து குஞ்சு பொரிக்கின்றன என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, உண்மையா சார்?

இல்லை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலய மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கொக்கு எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். எங்கே தண்ணீரும் மீனும் இருக்கிறதோ அங்கே போகும், வரும். உண்மையில் நாடு கடந்து, மலை கடந்து வருபவை நீலச்சிறகி, ஊசிவால், தட்டைவாயன் ஆகிய வாத்துகளும், சேற்றில் மேயும் உள்ளான் வகைகளும். இவை வருவது வடக்கிலிருந்து: சைபீரியா, கஜகஸ்தான், மங்கோலியா. இங்கே முட்டையிடாது. இங்கே வருவது தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான். பங்குனி, சித்திரையில் திரும்பிப் போய் அங்கேதான் கூடு கட்டும். இந்த வேறுபாடு தெரியாததால்தான், 'மரம் இருந்தால் போதும், பறவை வரும்' என்று திட்டம் போடுகிறார்கள். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பாத்திமா, கீழக்கரை: அண்ணே, ஐப்பசியில் பார்த்த வாத்துகள் எல்லாமே பழுப்பு நிறம். படத்தில் இருக்கும் அழகான ஆண் நீலச்சிறகி எங்கே என்று மகள் கேட்கிறாள்.

நல்ல கண் உங்கள் மகளுக்கு. அவள் பார்த்த கூட்டத்திலேயே ஆண்களும் இருந்திருக்கும். இனப்பெருக்கம் முடிந்ததும் வாத்துகள் பறக்கும் இறகுகளை ஒரேயடியாக உதிர்த்துவிடும். சில வாரம் பறக்கவே முடியாது, நாணலுக்குள் ஒளிந்து கிடக்கும். அந்தச் சமயத்தில் பளிச்சென்ற நிறம் இருந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால், ஆணும் பெண்ணைப் போலப் பழுப்பு உடுத்திக்கொள்கிறது. நீலச்சிறகி அந்த உடுப்போடுதான் நம் ஊருக்கு வந்து சேரும். கூட்டம் தண்ணீரை விட்டு எழும்பும்போது இறக்கையின் முன்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிர் நீலச் சாம்பல் தெரிந்தால் அது ஆண். தை, மாசியில் மறுபடி போனால் கண்ணுக்கு மேலே பிறை மாதிரி வெள்ளைப் புருவம் வந்திருக்கும்.

செல்வராஜ், பரமக்குடி: எங்கள் தாத்தா உரிமம் வைத்துச் சிறகி சுட்டவர். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் கட்டும் பணத்தில்தான் நீர்நிலைகளைக் காப்பாற்றுகிறார்களாம். இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன?

கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே 1934 முதல் வாத்து முத்திரை என்று ஒன்று இருக்கிறது, தபால்தலை மாதிரி ஒரு கட்டணச் சீட்டு. 16 வயது நிரம்பியவர் வாத்து வேட்டைக்குப் போவதென்றால் அதை வாங்கியே ஆக வேண்டும். இப்போது விலை 25 டாலர். வரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நீர்நிலை நிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. 1937 முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியும் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. பெரிய சாதனை, மறுக்க முடியாது. ஆனால் வேட்டைக்காரர் எண்ணிக்கை குறைந்தால் வருமானமும் குறையும். பறவை பார்க்க மட்டும் வருபவர்களும் பணம் தரட்டும் என்ற விவாதம் அங்கேயே நடக்கிறது.

நமக்கு அது ஒத்துவராது என்பது என் தீர்மானமான கருத்து. அங்கே 1955 முதல் ஆண்டுதோறும், வாத்து முட்டையிடும் இடங்களின் மேல் விமானத்தில் பறந்து கணக்கெடுத்த பிறகே எத்தனை சுடலாம் என்று முடிவு செய்கிறார்கள். நம் கண்மாய்க்கு வரும் வாத்தின் கூடு இருப்பது வேறு நாட்டில். அவை வந்துபோகும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் 30 நாடுகள் இருக்கின்றன. அங்கே எத்தனை பிறந்தன என்று தெரியாமல் இங்கே எத்தனை சுடலாம் என்று யார் சொல்வது? அப்புறம் ஈயக் குண்டு. சேற்றில் விழுந்த குண்டைக் கல் என்று நினைத்து வாத்து விழுங்கும், ஈயம் உடம்பில் ஏறிச் சாகும். அதனால்தான் அமெரிக்காவிலேயே 1991-இல் வாத்து வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடை செய்தார்கள்.

அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தக் காசு இந்தத் தண்ணீருக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்கும் கட்டுப்பாடு.

பெயர் வேண்டாம், திருவாடானை: கண்ணி வைத்துப் பிடித்த சிறகி ரகசியமாக விற்கிறார்கள். வாங்குவதும் தப்பா?

தப்புதான். 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் உரிம வேட்டைக்கு இடம் இருந்தது, 1991 திருத்தத்தோடு அது போயிற்று. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். நெல்லில் பூச்சிமருந்து கலந்து வைத்துப் பிடிப்பவர்களும் உண்டு. அந்தக் கறி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் விஷம். தயவுசெய்து வாங்காதீர்கள்.

கண்ணன், கடலாடி: எங்கள் கண்மாயை ஆழமாகத் தூர்வாரினார்கள். தண்ணீர் நிறைய நிற்கிறது, ஆனால் வாத்து வரவில்லை. ஏன் சார்?

எனக்கு மிகவும் வேதனை தரும் விஷயம் இது. நீலச்சிறகியும் ஊசிவாலும் முங்கி மேய்வதில்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் தூரத்தில் உள்ள விதையையும் பூச்சியையும் எடுக்கும். ஒரு முழம் ஆழம் போதும். ஆறடி ஆழத்தில் கோரைக்கிழங்கு குவிந்து கிடந்தாலும் அதற்கு எட்டாது.

பழைய கண்மாயில் கரையோரம் ஆழமாகவும், கரைக்கு எதிரே உள்ள உள்வாய்ப் பக்கம் போகப் போகத் தரை மெல்ல ஏறியும் இருக்கும். அந்த உள்வாய்ச் சேறுதான் வாத்துக்கும் உள்ளானுக்கும் சோறு. மார்கழியிலிருந்து தண்ணீர் வற்ற வற்ற, புதுப்புதுச் சேறு வெளியே வரும், பறவைக் கூட்டம் அதன் பின்னாலேயே நகரும். சவுடு மண் எடுக்கும் இயந்திரம் இந்தச் சரிவை வெட்டி நேர்ச்சுவராக்கிவிடுகிறது. தூர்வாரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்மாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் வேண்டும். மடைப் பக்கமும் கரையோரமும் வாருங்கள், உள்வாயை விட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம் வரத்துக்கால். கண்மாயைக் கிணறாக வெட்டிவிட்டு, தண்ணீர் வரும் கால்வாயைச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்க விட்டால் என்ன பயன்?

சீமைக்கருவேலத்தை வெட்டும்போதும் கவனம் வேண்டும். நாரையும் கூழைக்கடாவும் பல இடங்களில் அதன் மேல்தான் கூடு கட்டுகின்றன. நாட்டுக்கருவேலம் வளர்ந்து தயாரான பிறகு, கூடு இல்லாத மாதங்களில், பகுதி பகுதியாக எடுக்க வேண்டும். அதேபோல் கண்மாய் முழுக்க மரம் நட்டாலும் தவறு. வாத்துக்குத் திறந்த தண்ணீர் வேண்டும்.

ரேவதி, ராமநாதபுரம்: நம் மாவட்டத்தில் இத்தனை ராம்சார் இடங்கள் வந்துவிட்டன. பணமும் வருமா?

ராம்சார் என்பது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியல். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மன்னார் வளைகுடா ஆகியவை 2022-இல் அதில் வந்தன. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தன. பெருமைதான். ஆனால் ராம்சார் பட்டியலில் பெயர் வந்ததும் பணம் தானாக வராது. மாநில அரசின் ஈரநில இயக்கத்துக்கு 5 ஆண்டுக்கு, 100 ஈரநிலங்களுக்குச் சுமார் 115 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். சராசரி பார்த்தால் ஓர் இடத்துக்குக் கோடிச் சொச்சம். மத்திய அரசுத் திட்டத்தில் மத்தியப் பங்கு 60 சதவீதம், மாநிலப் பங்கு 40 சதவீதம்.

சண்டை தொகையைப் பற்றி மட்டும் அல்ல. காவல் கோபுரம், பெயர்ப்பலகை, நடைபாதை என்று செலவு செய்தால் திறப்பு விழா நடத்தலாம். வரத்துக்காலைச் சுத்தம் செய்தால் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. பறவையைக் காப்பது வனத்துறை, தண்ணீரைப் பார்ப்பது நீர்வளத்துறை. ஒரு கண்மாய்க்கு இரண்டு எசமானர்கள் இருக்கும்போது, வரத்துக்கால் யார் பொறுப்பு என்பதே முதலில் முடிவாக வேண்டும். உங்கள் ஊர் கிராமசபையில் இதைக் கேளுங்கள்.

சேகர், சாயல்குடி: மீன்பாசி (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவர் மாசியிலேயே தண்ணீரை இறைத்துவிடுகிறார். வெடியும் போடுகிறார். ஊர் என்ன செய்யலாம்?

அவரும் பணம் கட்டித்தான் எடுத்திருக்கிறார், கூழைக்கடா மீனைத் தின்னும்போது அவர் வயிறு எரியும். அவரை எதிரியாக்காதீர்கள். பங்குனி வரை இந்த மட்டத்துக்குக் கீழே இறைக்கக் கூடாது, வெடி கூடாது என்று ஏல நிபந்தனையிலேயே எழுத வைத்து, அதற்கு ஈடாக ஏலத்தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறைவை ஈரநில நிதியிலிருந்து ஊருக்குக் கொடுப்பதுதான் நியாயம். பக்கத்து மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. மனசு இருக்கிற ஊருக்குக் கைகொடுக்கும் வேலை அரசுடையது.

ஜெரால்டு, தங்கச்சிமடம்: தனுஷ்கோடியைச் சரணாலயம் ஆக்கியது எதற்கு?

2025 ஜூனில் பூநாரைகளுக்காக அறிவித்தார்கள், சுமார் 525 ஹெக்டேர். பூநாரை மேயும் ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பும் சேறும் அங்கே கெடாமல் இருக்கின்றன. உள்ளான் கூட்டங்களுக்கும் அதுவே மேய்ச்சல் இடம்.

அபிநயா, மேலச்செல்வனூர்: வயல் வரப்பில் காலில் வளையம் போட்ட வாத்து செத்துக் கிடந்தது. என்ன செய்ய வேண்டும்?

வெறும் கையால் தொடாதே தங்கச்சி, பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வளையத்தில் உள்ள எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரிகிற மாதிரி நாலைந்து படம் எடு, இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள். நம் நாட்டில் போட்ட வளையம் என்றால் பெரும்பாலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயர் இருக்கும், அவர்களுக்கு எழுதினால் எங்கே, எப்போது போட்டது என்று சொல்வார்கள். வெளிநாட்டு எழுத்தாக இருந்தாலும் அவர்களுக்கே அனுப்பு. பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பறவைகள் செத்துக் கிடந்தால் அன்றைக்கே வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்லிவிடு. வீட்டுக் கோழிகளை அந்தப் பக்கம் மேய விடாதே.