‘ஈ’ என்று வாங்கினேன், ஊதினால் நாலரைக் கட்டை!

கேள்வி: பையன் புல்லாங்குழல் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். வாத்தியார் 3 கட்டைக் குழல் கேட்டார். மூன்று கட்டை என்றால் மேற்கத்திய பெயரில் ‘ஈ’ (E) என்று விசாரித்து, ஆன்லைனில் ‘ஈ பன்சூரி’ (இந்துஸ்தானி புல்லாங்குழல்) வாங்கினேன். வாத்தியார் ஊதிப் பார்த்து நாலரைக் கட்டை என்கிறார். விற்றவர் மாற்றித் தர மறுக்கிறார். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஏமாற்று வேலையாகத் தெரியவில்லை. வாத்தியார் சொன்னதும் சரி, குழலில் எழுதியிருப்பதும் சரி.

ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை எண்ணுங்கள்: சி 1, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவில் வரும் கறுப்புக் கட்டைதான் ‘அரை’. எஃப்புக்கு அடுத்த கறுப்புக் கட்டை எஃப் ஷார்ப், அதுதான் நாலரை. ஈக்கும் எஃப்புக்கும் இடையே கறுப்புக் கட்டையே கிடையாது. மூன்றரைக் கட்டைக் குழல் என்று யாராவது நீட்டினால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்!

சிக்கல், ஸட்ஜத்தை, அதாவது ‘ஸ’ என்ற அடிப்படை ஸ்வரத்தை, எங்கே பிடிக்கிறோம் என்பதில் இருக்கிறது. இந்துஸ்தானி முறையில் மேலிருந்து மூன்று துளைகளை மூடினால் ஸ. பன்சூரியில் எழுதியிருக்கும் ‘ஈ’ அதைத்தான் சொல்கிறது. கர்நாடக முறையில் இரண்டு துளைகளை மூடினாலே ஸ. மூன்றாவது விரலை எடுத்ததும் சுருதி இரண்டு அரைப்படி, அதாவது கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணினால் இரண்டு கட்டை தள்ளி, ஏறுகிறது. ஈ, எஃப், எஃப் ஷார்ப். வாத்தியாருக்கு நாலரை வந்தது இப்படித்தான். டி பன்சூரியாக இருந்தால் கணக்குப்படி 3 கட்டை வந்திருக்கும். ஆனால் கர்நாடக சங்கீதம் படிக்கிற பையனுக்கு அதை வாங்கித் தரச் சொல்ல மாட்டேன். துளை எண்ணிக்கையே வேறு: ஊதும் துளையை விட்டுவிட்டு எண்ணினால் நம்ம ஊர்க் குழலில் எட்டுத் துளை, பன்சூரியில் ஆறு அல்லது ஏழு.

விற்பனைப் பக்கத்தில் ‘கர்நாடக’ என்று போட்டிருந்தால் கதையே வேறு. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் வர வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். வெறும் ‘பன்சூரி’ என்று மட்டும் இருந்தால் வழக்கு நிற்காது. தெரிந்தவர்களிடம் விற்றுவிடுங்கள்.

அடுத்த குழலை நேரில் வாங்குங்கள், முடிந்தால் வாத்தியாரோடு. இரண்டு முனைகளிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சற்று நேரம் ஊதி மூங்கில் சூடேறிய பிறகே சுருதி பாருங்கள், குளிர்ந்த குழல் இறங்கியே ஒலிக்கும். போனில் சுருதி காட்டும் டியூனர் செயலி வைத்திருந்தால், அதில் ‘ஏ’ 440 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் 432-க்கு மாற்றி வைத்துவிட்டு, நல்ல குழலைக் குறை சொல்வார்கள்.