பாடியை விற்றுவிடுங்கள், லென்ஸில் கை வைக்காதீர்கள்

காவேரிப்பட்டணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கையில் கேனன் 5டி மார்க் 4 பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா), 24-70 எஃப்2.8, 70-200 எஃப்2.8, 85 எஃப்1.8 என்று மூன்று லென்ஸ். கல்யாண வேலைக்கு மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமா, எதற்கு நல்ல விலை கிடைக்கும் என்பது கேள்வி.

மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். பாடியை மட்டும் விற்றுவிடுங்கள், அதையும் வருஷக்கணக்கில் தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

5டி மார்க் 4 வந்தது 2016-ல். இன்றைக்கும் அருமையான படம் தரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாடி என்பது சென்சார், பிராசசர், ஃபோகஸ் எல்லாம் சேர்ந்த எலக்ட்ரானிக் பொருள், அடுத்த மாடல் வந்ததும் நீங்கள் பீரோவில் பூட்டி வைத்திருந்தாலும் விலை இறங்கும். இதில் ஷட்டர் கணக்கு வேறு. இந்த மாடலின் ஷட்டரை கேனன் 1,50,000 கிளிக்குக்குச் சோதித்திருக்கிறது. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்று வைத்தால் 50 கல்யாணத்தில் அந்த எண் வந்துவிடும். அதைத் தாண்டியும் ஓடும், ஓடவும் செய்கிறது, ஆனால் வாங்க வருபவர் முதலில் கேட்பது ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்பதுதான். நிக்கானில் போட்டோ ஃபைலிலேயே எண் கிடைத்துவிடும், கேனனில் பெரும்பாலும் அப்படிக் கிடைக்காது. அதனால் சர்வீஸ் சென்டரில் பார்த்து எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் பேரத்தில் உங்கள் பேச்சு எடுபடும்.

லென்ஸ் கதை வேறு. உங்கள் 85 எஃப்1.8 வந்தது 1992-ல், இன்னும் மணமேடையில் அதை வைத்துப் படம் எடுக்கிறார்கள். உங்களுடைய மூன்றும் கேனன் 1987-ல் கொண்டுவந்த இஎஃப் மவுண்ட் லென்ஸ்கள் (மவுண்ட் என்றால் பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்). அவை 2018-ல் வந்த ஆர்எஃப் மவுண்ட் மிரர்லெஸ் பாடிகளில், கேனனின் அடாப்டர் என்ற இணைப்பு வளையத்தோடு ஆட்டோஃபோகஸ் உட்பட வேலை செய்யும். ஆர்எஃப் லென்ஸைப் பழைய பாடியில் மாட்டவே முடியாது. ஆகவே இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது ஒரு பாடியும் ஒரு அடாப்டரும்தான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இஎஃப் லென்ஸ்களின் செகண்ட் ஹேண்ட் விலையும் இறங்கியிருக்கிறது. எல்லாரும் மாறும்போது விற்பவர் கூட்டம் கூடிவிட்டது. ஆனால் அதே தரத்தில் ஆர்எஃப் 70-200 எஃப்2.8 வாங்கப் போனால் விலை மலைக்க வைக்கும், வெளிக் கம்பெனி லென்ஸ் பக்கம் போகலாம் என்றால் அங்கேயும் தடை. சிக்மா, டாம்ரானுக்கு 2024-ல் கேனன் வழிவிட்டபோதும் ஏபிஎஸ்-சி, அதாவது சின்ன சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்களுக்குத்தான் விட்டது, 5டி மாதிரி பெரிய சென்சாருக்கு இல்லை. விற்றால் கிடைக்கும் பணத்தைவிட உங்கள் பையில் இருக்கும்போதுதான் அந்த 70-200-க்கு மதிப்பு அதிகம், அதைக் கடைசியாக விற்கலாம்.

சோனிக்குப் போவதாக இருந்தால் கணக்கே மாறும். அதற்கும் அடாப்டர் இருக்கிறது, ஆனால் தாலி கட்டும் நேரத்தில் அதை நம்பி நிற்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் ஃபங்கஸ், லென்ஸுக்குள் பிடிக்கும் பூஞ்சை. ஒகேனக்கல்லில் ப்ரீ வெட்டிங் ஷூட் எடுத்துவிட்டு, சாரல் பட்ட லென்ஸை அப்படியே பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி ஒரு வாரம் விட்டுவிடுகிறார்கள். லென்ஸின் விலையைக் கொல்வது இதுதான். வீட்டுக்கு வந்ததும் துடைத்துக் காற்றாட வைத்துவிட்டு, காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள், ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் இருந்தால் போதும். விற்பதற்கு முன் இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும், அதனால் படத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஓரத்திலிருந்து நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அது ஃபங்கஸ். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சுத்தம் செய்துவிடுவார்கள், கண்ணாடி மேல் இருக்கும் கோட்டிங்கை அரித்த பிறகு தடம் போகாது. வாங்குபவரும் இதே டார்ச்சோடுதான் வருவார்.

பில், பெட்டி, இந்திய வாரண்டி கார்டு மூன்றையும் தேடி எடுங்கள். பில் இல்லாத பாடியைத் திருட்டுப் பொருளோ என்று பயந்தே பாதிப்பேர் தொடமாட்டார்கள்.

எப்போது விற்பது? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கேமராக்காரர்கள் கையில் காசும் புரளாது. ஆனால் அந்த மாதங்கள் முடியப் போகும்போது, அடுத்து வரும் ஆவணி, தை முகூர்த்தங்களுக்காகக் கேட்டு வருவார்கள், அப்போது விற்கலாம். உள்ளூரில் விலை படியவில்லை என்றால் ஓசூர், பெங்களூரு பக்கம் விசாரியுங்கள், அங்கே வாங்குகிற ஆள் அதிகம். எங்கே விற்றாலும் புதுப் பாடியும் அடாப்டரும் கைக்கு வந்து, மூன்று லென்ஸையும் மாட்டி ஒரு சின்ன வேலையாவது முடித்த பிறகு பழையதைக் கைமாற்றுங்கள்.