மகளின் போனில் ரகசியச் செயலி போடலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு, மலையாள மீடியம். ஹோம்வொர்க் எல்லாம் வாட்ஸாப் குரூப்பில்தான் வருகிறது என்பதால் போன வருஷம் தனியாக ஓர் ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தோம். இப்போது ராத்திரி பதினொரு மணி வரை போனும் கையுமாக இருக்கிறாள். பக்கத்தில் போனால் திரையைத் திருப்பிக்கொள்கிறாள். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். மலையாளம் பேசுவேன், படிக்க வராது. நாத்தனார் மகன் பொள்ளாச்சியில் மொபைல் கடையில் இருக்கிறான். ஒரு செயலி போட்டால் அவளுடைய வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் எல்லாம் என் போனில் தெரியும், அவளுக்குத் தெரியவே தெரியாது என்கிறான். செட்டிங் பார்க்கிறேன் என்று ஒருநாள் அவள் போனை வாங்கியும் பார்த்தான். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கண்காணிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் போனில் பெற்றோர் கட்டுப்பாடு இருக்கத்தான் வேண்டும். அது அவளுக்குத் தெரிந்து இருக்கட்டும்.

முதலில் அந்தச் செயலியைப் பற்றி. மற்றவர் செய்திகளைத் திருட்டுத்தனமாகக் காட்டும் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோர் அனுமதிப்பதில்லை. அதனால் வெளியிலிருந்து கோப்பாக இறக்கித்தான் போடுவார்கள். அதற்கு பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்பை அணைக்க வேண்டும். பிறகு அக்ஸஸிபிலிட்டி அனுமதியைக் கொடுக்க வேண்டும். அந்த அனுமதி கிடைத்தால் திரையில் தெரிவதையும் விரலால் தட்டுவதையும் செயலி எடுத்துக்கொள்ளும். எடுத்தது நேராக உங்கள் போனுக்கு வருவதில்லை. எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் உங்களுக்குத் தெரியும். மகளின் படங்கள், இருக்கும் இடம், பேச்சு எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கையில். இந்தத் தொழிலில் பெயர்பெற்ற எம்ஸ்பை நிறுவனத்திலிருந்தே 2024இல் வாடிக்கையாளர்களின் விவரங்கள் லட்சக்கணக்கில் கசிந்தன.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த மாதிரிச் செயலியில் கணக்கைத் தொடங்குபவரிடம்தான் பாஸ்வேர்டு இருக்கும். அதாவது நாத்தனார் மகனிடம். அவன் நல்ல பையனாகவே இருக்கட்டும். ஒரு பெண்பிள்ளையின் அந்தரங்கமும் அவள் எந்த நேரம் எங்கே இருக்கிறாள் என்பதும் உறவுக்காரப் பையன் பார்வையில் இருப்பது சரியா? எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவேளை அவன் சொல்வது வெறும் வாட்ஸாப் லிங்க்டு டிவைஸ் வசதியாகவும் இருக்கலாம். ஒரு கணக்கை இன்னொரு கருவியிலும் திறக்கும் வழி அது. அப்படியென்றால் அவள் போனிலேயே அந்தப் பட்டியல் தெரியும். ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவாள்.

அப்புறம், மொழி. அவள் வயதுப் பிள்ளைகள் மலையாளத்தை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், அதையும் பாதியாகச் சுருக்கி. நடுவில் தமிழ் வரும், ஸ்டிக்கர் வரும், வாய்ஸ் மெசேஜ் வரும். எல்லாம் உங்கள் போனுக்கு வந்தாலும் நூற்றுக்கணக்கான வரிகளில் எது விளையாட்டு, எது வினை என்று மலையாளம் படிக்கத் தெரிந்தவருக்கே பிடிபடாது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வீர்கள். விஷயம் இன்னொரு வீட்டுக்குப் போகும். இந்த வயதில் திரையைத் திருப்பிக்கொள்வது பெரும்பாலும் தோழிகளோடு பேசும் வெட்டிப்பேச்சுக்காகத்தான். ஆபத்தான விஷயமும் அதே திரையில்தான் வரும் என்பதும் உண்மை. வந்தால் அதை உங்களிடம் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். ரகசியச் செயலி வெளிப்பட்ட வீட்டில் அதற்கப்புறம் எந்தப் பிள்ளையும் தானாக வந்து சொல்வதில்லை. வேறொரு கணக்கு, தோழியின் போன் என்று வழி தேடிக்கொள்ளும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைப் போடுங்கள். இலவசம். உங்கள் போனில் நிறுவி, அவளுடைய கூகுள் கணக்கை அதில் சேர்க்க வேண்டும். இந்த வயதில் அவளும் ஒப்புக்கொண்டால்தான் சேரும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்தே செய்யுங்கள். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தாள் என்று தெரியும், நாளுக்கு இத்தனை மணி என்று வரம்பு வைக்கலாம், இரவில் போனைப் பூட்டலாம், புதுச் செயலி இறக்கும்போது உங்கள் அனுமதியைக் கேட்க வைக்கலாம். வாட்ஸாப்பில் என்ன பேசினாள் என்பதை அது காட்டாது. காட்ட வேண்டியதும் இல்லை. போன் இருக்கும் இடத்தையும் காட்டும். சில நேரம் கொஞ்சம் தள்ளிக் காட்டும் என்பதால் அதை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

இரவுப் பூட்டை ஒன்பதரைக்கு வையுங்கள். அப்போது துபாயில் எட்டு மணி. அவள் அப்பா வேலை முடிந்து அழைக்கும் நேரமாக இருக்கலாம், அவளும் அதையே காரணமாகச் சொல்லலாம். அவர் உங்கள் போனுக்கு அழைக்கட்டும், மூவரும் அதில் பேசுங்கள். அவள் போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். உங்கள் போனும் அதே இடத்தில். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் அறிமுகமில்லாதவர்கள் பிள்ளைகளிடம் நெருங்கிப் பேச வீடு தூங்கிய பிறகுதான் வசதி. இதைப் பற்றிக் கணவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பூட்டிய போனை அப்பாவிடம் அழுது அங்கிருந்து திறக்க வைக்கும் கதை வளைகுடா வீடுகளில் சகஜம்.

இன்ஸ்டாகிராமில் அவள் கொடுத்திருக்கும் பிறந்த ஆண்டைப் பாருங்கள். வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் பெரியவர்களுக்கான கணக்காகவே ஓடும். சரியான வயது இருந்தால் டீன் அக்கவுண்ட் ஆகும். இந்தியாவில் 2025 பிப்ரவரியில் வந்தது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், அவள் பின்தொடராதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு பத்து முதல் காலை ஏழு வரை நோட்டிஃபிகேஷன் அடங்கிவிடும். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இதைத் தளர்த்த முடியாது. பெற்றோர் மேற்பார்வையையும் இணைத்தால், கடந்த ஏழு நாளில் யார் யாரோடு பேசினாள் என்று பெயர் மட்டும் தெரியும், பேச்சு தெரியாது. என்னைக் கேட்டால் இந்த அளவு போதும். வாட்ஸாப்பில் குரூப்பில் சேர்ப்பது, புரொஃபைல் படம் பார்ப்பது இரண்டையும் காண்டாக்டில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

வாரத்தில் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, புதிதாக யார் அறிமுகமானார்கள் என்று கேளுங்கள். விசாரணை போல வேண்டாம். அவளையே போனைப் பிடித்துக்கொண்டு வாசித்துக் காட்டச் சொல்லலாம். மலையாளம் காதில் விழுந்தால் உங்களுக்குப் புரியுமே. நீங்கள் காது கொடுக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. விளையாட்டிலோ இன்ஸ்டாவிலோ ஒரு 'சேட்டன்' அறிமுகமாவான். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாட்டில் செலவழிக்கும் டயமண்டை வாங்கித் தருவான், இல்லையென்றால் ரீசார்ஜ் போட்டுவிடுவான். பிறகு பேச்சை வாட்ஸாப்புக்கோ டெலிகிராமுக்கோ மாற்றச் சொல்வான். வீட்டில் சொல்லாதே என்பான். அப்புறம் ஒரு படம் கேட்பான். அந்தப் படம் போனதும் மிரட்டல் தொடங்கும். படம் கேட்கும் கட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பிள்ளைகளை எச்சரிக்கிறோம். பரிசும் 'சொல்லாதே'யும் வரும் கட்டத்திலேயே உஷாராக வேண்டும். "யாராவது வீட்டில் சொல்லாதே என்றால் அதை முதலில் என்னிடம் சொல். போனைப் பிடுங்க மாட்டேன்" என்று இப்போதே வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். போன் போய்விடும் என்ற பயத்திலேயே பல பிள்ளைகள் மிரட்டலை மாதக்கணக்கில் தனியாகத் தாங்குகிறார்கள்.

அப்படி ஏதாவது நடந்துவிட்டால் பணம் அனுப்பாதீர்கள், ஒன்றையும் அழிக்காதீர்கள். மிரட்டியவரின் கணக்குப் பெயர், எண், மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். உறவினருக்கும் வேண்டாம், தெரிந்த போலீஸ்காரருக்கும் வேண்டாம். சிறார் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், வைத்திருப்பதும் பார்ப்பதும்கூடக் குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. போனைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். படம் இணையத்தில் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படத்துக்கு அது உதவும். படத்தை அனுப்ப வேண்டியதில்லை. அதன் அடையாளக் குறியீடு மட்டும்தான் போகும்.

எல்லையில் இருப்பதால் கேரளப் போலீஸா, தமிழ்நாட்டுப் போலீஸா என்ற குழப்பம் வரும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்றுவார்கள். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. போக்சோ சட்டத்தில் இன்னும் சில வசதிகள் உண்டு: பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் எடுக்க வேண்டும். எழுதும் மொழி பிள்ளைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். மகளுக்கு மலையாளம் தெரியும், சரி. மலையாளத்தில் எழுதிய தாளை உங்களிடம் நீட்டினால் படித்து விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பணம் போயிருந்தால் உடனே 1930. மனசு தாங்காமல் இருந்தால் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

அவள் படிப்பது அரசு அல்லது எய்டட் பள்ளி என்றால் அங்கே லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐ.டி. குழு இருக்கிறதா என்று கேளுங்கள். 2022இல் அந்தப் பிள்ளைகளை வைத்தே கேரளத்தில் அம்மாக்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். உங்கள் பள்ளியில் மறுபடி நடத்தச் சொல்லலாம், தமிழில் விளக்க ஒருவர் வேண்டும் என்றும் கேட்கலாம். எல்லைப் பள்ளிகளில் அது நியாயமான கோரிக்கைதான்.

கடைசியாக, நாத்தனார் மகன் வாங்கிப் பார்த்த போன். எதுவும் போட்டிருக்க மாட்டான் என்றே வைத்துக்கொள்வோம், ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் இயக்கத்தில் இருக்கிறதா? செட்டிங்கில் அக்ஸஸிபிலிட்டி பட்டியலிலும் டிவைஸ் அட்மின் செயலிகளின் பட்டியலிலும் தெரியாத பெயர் எதுவும் உண்டா? வாட்ஸாப் லிங்க்டு டிவைஸில் வேறு கருவி இணைந்திருக்கிறதா? இருந்தால் அந்த அனுமதியை எடுத்துவிட்டுச் செயலியை நீக்குங்கள், பிறகு மகளையே திரைப் பூட்டையும் கூகுள், இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டுகளையும் மாற்றச் சொல்லுங்கள்.