கம்ப்யூட்டர் கேள்வி – பதில்: பொது ஹார்ட் டிஸ்க் புது லேப்டாப்பில் மட்டும் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் ஒரு ஹார்ட் டிஸ்க் செருகி, வீட்டில் எல்லோரும் அதில்தான் போட்டோ, வீடியோ போட்டு வைக்கிறோம். அக்காவின் விண்டோஸ் 10 லேப்டாப்பில் நன்றாகத் திறக்கிறது. நான் வாங்கிய புது விண்டோஸ் 11 ப்ரோ லேப்டாப்பில், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்ற அர்த்தத்தில் ஒரு அறிவிப்பு வருகிறது. இது வீட்டு லேப்டாப், எந்த நிறுவனமும் கிடையாது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள், செய்யலாமா சார்?
– வாசகர், திருச்சி

பதில்: செய்ய வேண்டாம். முதலில் நல்ல செய்தி: டிஸ்க்கும் ரவுட்டரும் கெடவில்லை. இந்த அறிவிப்பு வருகிறது என்றாலே உங்கள் லேப்டாப் ரவுட்டரைக் கண்டுபிடித்து, பேச ஆரம்பித்து, நீ யார் என்று கேட்கும் கட்டம் வரை போய்விட்டது என்று அர்த்தம். நிறுவனம் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வீட்டு லேப்டாப்புக்கும் அதே வாசகம்தான் வரும்.

பாஸ்வேர்டு இல்லாமல் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று வைத்திருக்கும் பகிர்வுக்குள் விண்டோஸ் இத்தனை நாளாக ‘கெஸ்ட்’ என்ற பெயரில் சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோவில் அந்த வழியை அடைத்துவிட்டது. கூடவே, வரும் ஒவ்வொரு தகவலும் கையொப்பத்தோடு வர வேண்டும் என்றும் கேட்கிறது. அந்தக் கையொப்பத்துக்கான சாவி உங்கள் பாஸ்வேர்டை வைத்து உள்நுழையும்போதுதான் பிறக்கிறது, கெஸ்ட்டுக்கு பாஸ்வேர்டே இல்லாததால் கையொப்பமும் போட முடியாது. ஆகவே ரெஜிஸ்ட்ரி வைத்தியத்தில் கெஸ்ட் தடையையும் எடுக்க வேண்டும், கையொப்பக் கட்டாயத்தையும் எடுக்க வேண்டும். அந்த மாற்றம் உங்கள் ரவுட்டருக்கு மட்டுமானது அல்ல, லேப்டாப்பைக் கல்லூரிக்கோ லாட்ஜ் வைஃபைக்கோ கொண்டுபோனாலும் கூடவே வரும். வீட்டு டிஸ்க் திறக்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு விட்டுக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

சரியான வழி இது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. யுஎஸ்பி அல்லது ஸ்டோரேஜ் பகுதியில் பெயர் இல்லாத அணுகலை நிறுத்திவிட்டு ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். அடுத்து லேப்டாப்பில், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் ரவுட்டரின் ஐபி முகவரி (மேலே சொன்ன எண்), அந்தப் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் நீங்களே முன்கூட்டிப் பதிந்து வையுங்கள். கேட்கும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பல சமயம் கேட்கவே கேட்காது. விண்டோஸ் முதலில் உங்கள் லேப்டாப் கணக்கின் பெயரைத்தான் அனுப்பும். அந்தப் பெயர் தெரியாத சில ரவுட்டர்கள், தவறு என்று சொல்லாமல் உங்களை கெஸ்ட்டாகச் சேர்த்துவிடும், உடனே விண்டோஸ் பழைய அறிவிப்பையே காட்டும். பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் இதே கதைதான், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடைசியாக, எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் \\192.168.1.1 என்று அடித்துப் பாருங்கள். அக்காவின் லேப்டாப்பிலும் இதே பெயரையும் பாஸ்வேர்டையும் பதிந்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு, ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி1 தேவை என்று அறிவிப்பு வரலாம். அது வேறு பிரச்சினை. அவர்கள் ரவுட்டர் அந்தப் பழைய முறையில் மட்டுமே பேசுகிறது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவி பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளையே முடக்கியது இந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் அதைப் படிப்படியாக விலக்க ஆரம்பித்துவிட்டது. தயவுசெய்து அதைத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ரவுட்டருக்கு அப்டேட் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி, அதிக நேரம் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் செருகி அங்கிருந்து பகிருங்கள்.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். எல்லோருடைய போட்டோவும் அந்த ஒரே டிஸ்க்கில்தானா? இன்னொரு டிஸ்க் வாங்கி இந்த வாரமே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்திருக்கிறார். என் கம்ப்யூட்டரிலிருந்து போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. அவர் தினமும் போடும் நான்கு இலக்க எண்ணைக் கொடுத்தால் தவறு என்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்த எண், பின். அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும் செல்லும், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. அண்ணன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவராக இருந்தால் அவருடைய ஈமெயில் முகவரியும் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் வேண்டும். ஆனால் அதை உங்களிடம் கொடுத்தால் அவருடைய மெயிலையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. அவர் கம்ப்யூட்டரில் ‘வீடு’ என்றோ வேறு பெயரிலோ ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, ஃபோல்டரை அந்தக் கணக்குக்குப் பகிரச் சொல்லுங்கள். பாஸ்வேர்டைக் காலியாக விடக் கூடாது, காலி பாஸ்வேர்டு கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது.

அனுமதியும் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஷேரிங் டேபில் முழு அனுமதி கொடுத்திருந்தாலும் செக்யூரிட்டி டேபில் அந்தக் கணக்கு இல்லையென்றால் திறக்காது. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லுபடியாகும்.

கேள்வி: நெட்வொர்க் பட்டியலில் அப்பாவின் கம்ப்யூட்டர் தெரிவதே இல்லை, ஐபி எண் அடித்தால் மட்டும் திறக்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: திறக்கிறதே, அப்புறம் என்ன! பட்டியலில் பெயர் காட்டுவது தனி வேலை, அது தவறினாலும் பகிர்வு நன்றாகவே இருக்கும். ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஐபி கிடைக்கும்படி ஒதுக்கீடு செய்து, ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்துவிடுங்கள்.

கேள்வி: கீழ்வீட்டில் ஒரு ரவுட்டர், சிக்னல் போதாததால் மாடியில் இன்னொன்று. மாடி லேப்டாப்பின் ஃபோல்டர் கீழே திறக்கவில்லை, பாதையைக் காணோம் என்கிறது. இன்டர்நெட் இரண்டு இடத்திலும் வருகிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டு கருவிகளின் ஐபி எண்ணையும் பாருங்கள். கீழே 192.168.1 என்றும் மாடியில் 192.168.0 என்றும் தொடங்கினால், ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது. கீழேயிருந்து போன வயரை மாடி ரவுட்டரின் வான் (WAN, இன்டர்நெட் உள்ளே வரும்) துளையில் செருகியிருப்பீர்கள். அப்படிச் செருகினால் மாடியில் இருப்பதையெல்லாம் அந்த ரவுட்டர் தன் பின்னால் மறைத்துவிடும். மாடியிலிருந்து கீழே ஐபி அடித்துப் போக முடியும், கீழேயிருந்து மேலே வர முடியாது.

மாடி ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (தனி நெட்வொர்க் உருவாக்காமல் சிக்னலை மட்டும் தரும் முறை) இருந்தால் அதற்கு மாற்றுங்கள், முடிந்தது. இல்லையென்றால் அதன் சொந்த ஐபியை 192.168.1.2 மாதிரி கீழ்வீட்டு வரிசையில், வேறு யாருக்கும் இல்லாத எண்ணாக வைத்து, ஐபி எண்களை ஒதுக்கும் டிஎச்சிபியை நிறுத்தி, வயரை லான் (LAN) துளைக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் திறக்கவில்லை என்றால், மாடி லேப்டாப் அந்த வைஃபையைப் பப்ளிக் நெட்வொர்க் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதைப் பிரைவேட் ஆக்குங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டு டிஸ்க்கைப் பார்க்க ரவுட்டரில் ஃபைல் பகிர்வுக்கான 445 போர்ட்டைத் திறந்துவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கூடவே கூடாது. இன்டர்நெட் முழுக்க அந்த எண் எங்கே திறந்திருக்கிறது என்று இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, வானாக்ரை பரவியதும் அதே போர்ட்டில்தான். வயர்கார்டு வசதி உள்ள ரவுட்டர் என்றால் அதில் ஒரு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனி வழி) அமையுங்கள். இல்லையென்றால் வீட்டில் ஓடும் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகிப் பகிர்ந்து, அதிலும் மகன் லேப்டாப்பிலும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் செயலியைப் போட்டு ஒரே கணக்கில் சேருங்கள், அதற்கு ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் நீங்கள் திறக்க வேண்டியதில்லை. டெயில்ஸ்கேல் அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் ஐபியை மகன் தன் எக்ஸ்ப்ளோரரில் அடித்து, வழக்கமான பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் டிஸ்க் திறக்கும்.