குழந்தைக்கு முயலும்போது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. எப்போதும் சோர்வு, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை. மாலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் 280 என்று வந்தது. இந்தச் சிகிச்சையால் இதயத்துக்கு ஆபத்தில்லை என்று இப்போது உறுதியாகிவிட்டதாமே? இரண்டாவது குழந்தைக்கும் முயல்கிறோம். ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இப்போது வேண்டாம். குழந்தைக்கு முயல்கிறீர்கள் என்ற ஒரு காரணமே போதும்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய ஹார்மோன்கள் தூண்டினால்தான் விரைகள் வேலை செய்யும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் பிட்யூட்டரி அந்தத் தூண்டுதலை நிறுத்திக்கொள்கிறது. விந்தணு உருவாக, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள் வேண்டும். ஊசி போட்டால் ரத்தத்தில் அளவு ஏறும், விரைக்குள் இறங்கிவிடும். சில மாதங்களில் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைகூடப் போகலாம். ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியைச் சோதித்திருக்கிறது என்றால் பாருங்கள்! நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பும். ஆனால் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். ஜெல், மாத்திரை என்று மாற்றினாலும் இந்தச் சிக்கல் தீராது.

சரி, இதயச் செய்திக்கு வருவோம். 2023இல் வெளியான டிராவர்ஸ் என்ற ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் போலி மருந்து பூசியவர்களைவிட அதிகமாகவில்லை. அதனால் 2025இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இதய ஆபத்து பற்றி இந்த மருந்துகளில் இருந்த எச்சரிக்கையை நீக்கச் சொன்னது உண்மைதான். ஆனால் ரத்த அழுத்தம் உயரலாம் என்ற எச்சரிக்கையைச் சேர்க்கவும் சொன்னது. அதே ஆய்வில் இதயத் துடிப்புக் கோளாறும், நுரையீரலில் ரத்தக் கட்டியும், எலும்பு முறிவும் சற்று அதிகம். அதில் சேர்க்கப்பட்டவர்கள் 45 முதல் 80 வயதுக்காரர்கள்; உங்கள் வயதுக்காரர் ஒருவரும் இல்லை.

அப்புறம், மாலையில் எடுத்த அளவை வைத்து முடிவு செய்யவே கூடாது. இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். வேறு வேறு இரண்டு நாட்களில், காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் மறுபடி பாருங்கள். எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் (பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோன்), விந்துப் பரிசோதனை எல்லாம் சேர்த்தே எடுத்துவிடுங்கள். குறட்டை உண்டா, எடை கூடியிருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் உடல் பருமனும் இந்த அளவைக் குறைக்கும். எடை இறங்கினால் தானாகவே ஏறும்.

அளவு உண்மையிலேயே குறைவாக இருந்து, எல்.எச்.சும் உயரவில்லை என்றால், உடலே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும்படி தூண்டும் குளோமிஃபீன் மாத்திரையோ, எல்.எச். போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசியோ உதவலாம். எல்.எச். உயர்ந்திருந்தால் கோளாறு விரையிலேயே இருக்கிறது. அப்போது நாளமில்லாச் சுரப்பி நிபுணரையும் ஆண்மைக்குறைவு மருத்துவரையும் சேர்ந்தே பாருங்கள்.