தாராளமான நல அரசும் குடியேறிகள் மீதான எரிச்சலும்

கேள்வி: எல்லாவற்றையும் அரசே கொடுக்கும் பணக்கார நாடுகளில்தான் குடியேறிகளைக் கண்டால் எரிச்சல் அதிகம் என்கிறார் என் நண்பர். அது உண்மையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாதி உண்மை என்பேன். நலத்திட்டங்கள் வேண்டும், ஆனால் அவை நம்மவருக்கு மட்டும் என்ற மனப்போக்கை டென்மார்க், நார்வே நாடுகளின் வலதுசாரிக் கட்சிகளிடம் கண்டு, ஆண்டர்சன், பியோர்க்லுண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் அதற்குத் தனிப்பெயரே சூட்டினார்கள். தாராளம் கூடக்கூட, அதில் பங்கு கேட்போர் மீது ஐயமும் கூடும் என்பதே உங்கள் நண்பரின் வாதத்துக்கு அடிப்படை.

ஆனால் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைவிட எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். சுவீடனில் 1948 முதல் குழந்தை வளர்ப்புக்கான உதவித்தொகை, வருமானம் பார்க்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் தரப்படுகிறது. அங்கே 'வாங்குபவர்', 'கொடுப்பவர்' என்ற பிரிவுக்கே அதிகம் இடமில்லை. ஏழை என்று நிரூபித்தால்தான் உதவி என்னும் அமைப்பிலோ, வரி கட்டுபவரின் பார்வை உதவி பெறுபவரின் முகத்தில் போய் நிற்கிறது. அந்த முகம் வெளிநாட்டு முகமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் 1996இல் வந்த சட்டம், சட்டப்படி குடியேறியவர்களில் பெரும்பாலோருக்குக்கூட முதல் ஐந்தாண்டுகள் பல உதவிகளை மறுத்தது. அந்த நாட்டைத் தாராளமான நல அரசு என்று யாரும் சொல்வதில்லை.

இருந்தும் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கும் முறை சுவீடனை இந்த எரிச்சலிலிருந்து காப்பாற்றிவிடவில்லை. ஒரு கோடிக்கும் சற்றுக் குறைவான மக்கள்தொகை கொண்ட அந்நாட்டில் 2015இல் மட்டும் ஏறத்தாழ 1,63,000 பேர் புகலிடம் கேட்டார்கள். அடுத்த ஆண்டே விதிகள் இறுகின. குடியேற்றத்தை எதிர்க்கும் சுவீடன் ஜனநாயகக் கட்சி 2010இல் 5.7 விழுக்காடு வாக்குகளும் 2022இல் 20.5 விழுக்காடும் பெற்றது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த ஆதரவு இப்படி உயர, அதே வேகத்தில் நலத்திட்டங்களின் தாராளம் உயர்ந்துவிடவில்லை. வந்தவர்களின் எண்ணிக்கையையும், அவர்களுக்கு வேலை கிடைக்க ஆன காலத்தையும், கட்சிகள் பேசிய பேச்சையும் சேர்த்துத்தான் இதை விளக்க முடியும்.

டென்மார்க் வேறு வழியில் போனது. கடந்த எட்டு ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள் அங்கே வாழாதவர்களுக்கு, வழக்கமான உதவித்தொகையைவிடக் குறைந்த 'தொடக்க உதவி'யை 2002இல் கொண்டுவந்தது; 2012இல் நீக்கி, 2015இல் வேறு பெயரில் மீண்டும் கொண்டுவந்தது. சிலர் விரைவில் வேலைக்குப் போனார்கள் என்பது உண்மைதான், ஆனால் பல குடும்பங்கள் வறுமையில் தள்ளப்பட்டன. வறுமை கண்ணில் படப்பட, 'இவர்கள் நம்மைப் போன்றவர்கள் அல்லர்' என்ற எண்ணம் தேய்வதற்கு வழியேது? நண்பர் அடுத்தமுறை இந்தப் பேச்சை எடுத்தால், எந்த நாடு, எந்தத் திட்டம் என்று கேளுங்கள்.