பெட்டிக்குள் கிடக்கும் கடிதம்: மனச்சாட்சியும் சட்டமும், கேள்வி பதில்

வவுனியா, மன்னார் என்று இருபத்தாறு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஓய்வு பெற்றபின் எங்கள் பக்கத்து மத்தியஸ்த சபையில் இருக்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல, அதை முதலே சொல்லிவிடுகிறேன். மனச்சாட்சிக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி: ஐயா, நாங்கள் செய்கிற இரண்டு ஏக்கர் வயல் அப்பாவின் சிநேகிதருடையது. அவர் 1996 இல் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். போன மாதம் அவருடைய மகள் காணி உறுதிப் பத்திரத்தோடு வந்து நிற்கிறார். பத்து வருடம் ஆண்டால் காணி எங்களுக்குத்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். அம்மா கொடுத்துவிடு என்கிறார். அப்பாவின் தகரப் பெட்டிக்குள் அந்த மாமா எழுதின கடிதம் ஒன்று கிடக்கிறது: "நான் வரும்வரைக்கும் நீ செய்து சாப்பிடு." சட்டம் யார் பக்கம்?

ஊர் சொல்வது பாதி சரி. 1871 ஆம் ஆண்டிலிருந்து வருகிற சட்டம் அது. ஆனால் பத்து வருடம் காணியில் இருந்தால் மட்டும் போதாது, சொந்தக்காரனுடைய உரிமைக்கு எதிராக இருந்திருக்க வேண்டும். சொந்தக்காரன் சொல்லி இருந்தவனுக்கு, "இது என் காணி" என்று வெளிப்படையாக மறுத்து நின்ற நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும்.

இன்னொன்று, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம். போரினால் காணியைத் தேடி வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்றது. ஆனால் சட்டம் வந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். வன்னிக்குள் இருந்தவர்களுக்கே அது காதில் விழவில்லை. கனடாவில் இருந்த பிள்ளைக்கு விழுந்திருக்குமா? அப்புறம், அது உறுதிக் காணிதானா என்று சரியாகப் பாரும். பெர்மிட் காணி என்றால் அது அரச காணி. அங்கே பத்து வருடக் கதையே எடுபடாது.

ஆகவே முழு வழக்கும் அந்தக் கடிதத்தில் நிற்கிறது. அப்படி ஒன்று இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நீதிமன்றம் உம்முடைய வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கப்போவதில்லை. நீர் கூண்டில் ஏறி "அப்பா தன்னுடைய காணி என்றுதான் செய்தார்" என்று சொன்னால் மறுத்துச் சொல்ல உம்முடைய வீட்டுக்கு வெளியே உயிரோடு ஆளில்லை. பொய்ச் சாட்சி குற்றம்தான், ஆனால் பிடிபடாத குற்றம். சட்டம் தன் கையை எடுத்துவிட்டு உம்மையே நீதிபதியாக்குகிற இடம் இது.

அதற்காக, அம்மா சொல்கிறார் என்று இப்போதே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடவும் வேண்டாம். மிதிவெடி எடுத்து முடிந்தபின் பற்றை வெட்டி, வரம்பு கட்டி அந்த நிலத்தை மறுபடி வயலாக்கினது நீங்கள். அந்தச் செலவையும் உழைப்பையும் கணக்கெழுதி, கடிதத்தோடு சேர்த்து மேசையில் வையும். கடிதத்தைக் காட்டுகிறவன் சொல்லும் கணக்கை எதிர்ப்பக்கம் நம்பும். மத்தியஸ்த சபையில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஒட்டுசுட்டான், ஒரு அக்கா: எதிராளி நீதிமன்றத்தில் உறுதிமொழி சொல்லிவிட்டே பொய் சொன்னான். வற்றாப்பளை அம்மாள் வாசலில் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம், சட்டத்திலேயே இடமிருக்கிறது. சத்தியங்கள் பற்றிய 1895 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, மற்றவர் தன் மனம் கட்டுப்படும் முறையில் சத்தியம் செய்தால் அதற்கு நான் கட்டுப்படுகிறேன் என்று ஒரு தரப்பு சொல்லலாம். அவர் மறுத்தால் வற்புறுத்த முடியாது. ஆனால் அவர் துணிந்து செய்துவிட்டால் உங்கள் கதை அதோடு சரி.

வழக்குரைத்து வென்ற தெய்வத்தின் வாசல் அது. பிழையாகத் தீர்த்த பாண்டியன் தானே கள்வன் என்று சொல்லி அந்த இடத்திலேயே உயிரை விட்டான். மதுரையை எரித்த அம்மாள் ஆறி அமர்ந்தது வற்றாப்பளையில் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அப்படியிருந்தும் நான் இந்த வழியைச் சொல்லுவதில்லை. காரணம் ஒரு மாட்டு வழக்கு. நாம்பன் மாடு ஒன்றுக்கு இரண்டு பேர் உரிமை சொன்னார்கள், கோயிலில் சத்தியம் என்று முடிவானது. சொந்தக்காரர் என்று நான் இன்றைக்கும் நம்புகிற கிழவர் குளித்து, ஈர வேட்டியோடு வந்து நின்றார். தட்டில் கற்பூரம் எரிகிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எரிந்து முடிந்தபின் சொன்னார்: "எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். ஒரு மாட்டுக்காகச் சத்தியம் பண்ணமாட்டன்." மற்றவன் சிரித்துக்கொண்டே மாட்டை அவிழ்த்துப் போனான். சத்தியத்துக்குப் பயப்படுகிறவன்தான் அங்கே தோற்பான், அக்கா.

புதுக்குடியிருப்பு, ஓர் ஆசிரியர்: எங்கள் ஊர்க் கொலை வழக்கில் யார் செய்தது என்று ஊருக்கே தெரியும். நீதிபதி விடுதலை செய்துவிட்டார். அவருக்கு மனச்சாட்சி இல்லையா?

மாஸ்டர், ஊருக்குத் தெரியும் என்றால், கண்டது யார்? கண்டவர் ஏன் சாட்சிக்கு வரவில்லை? நியாயமான சந்தேகம் இருந்தால் விடுவிக்கவேண்டும் என்பதுதான் குற்ற வழக்கின் அடி. நீதிபதியின் மனம் "இவன்தான்" என்று சொன்னாலும் கை அதை எழுதக்கூடாது.

இதை நாங்கள் மறக்கவே கூடாது. பொலிசுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் சான்றாக எடுக்க முடியாது. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அதை மாற்றியது: உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னால் அது சான்று. அடித்து வாங்கினது என்றால் அடிபட்டவன்தான் அதை நிரூபிக்கவேண்டும். அந்தத் தாள்களைக் கூண்டில் நிற்கும் பெடியனுக்குத் தமிழில் சொல்லுவது என் வேலை. சிங்களத்தில் எழுதி, அடியில் அவனுடைய கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல, வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோல நிற்பான். எழுதின அதிகாரியைக் கேட்டால், இவன்தான் என்று தன் மனதுக்கு நிச்சயம் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பார்.

மனச்சாட்சி தன் கையைப் பிடித்து நிறுத்தும்போது அதை நம்புகிறேன். அதைச் சொல்லி அடுத்தவனைச் சிறைக்கு அனுப்ப வந்தால் எனக்குப் பயம்.

வவுனியா, சட்ட மாணவன்: அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறதே. அதைச் சொல்லி வரி கட்டாமல் விடலாமா?

மனதுக்குள் கட்டாமல் விடலாம். 10 ஆம் உறுப்புரை நினைப்பையும் நம்பிக்கையையும் காப்பது, அதற்குக் கட்டுப்பாடு போட முடியாது. செயல் என்று வெளியே வந்தால் 15 ஆம் உறுப்புரையின் கட்டுப்பாடுகள் பின்னாலேயே வரும்.

பெயர் வேண்டாம் என்ற கிராம அலுவலர்: ஊரில் இல்லாத ஒருவருக்கு வதிவிடச் சான்று கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து தொலைபேசியில் சொல்கிறார்கள்.

"எழுத்தில் தாருங்கோ சேர்" என்று பணிவாகக் கேளுங்கள். அநேகமாக அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் திகதி, நேரம், சொன்ன வசனம் மூன்றையும் குறித்து வையுங்கள்.

முள்ளியவளை, ஓர் அம்மா: 2009 இல் கண்முன்னே கொண்டுபோன மகனுக்கு மரணச் சான்றிதழ் எடு என்கிறார்கள். கையெழுத்து வைக்க மனம் வரவில்லை. சட்டப்படி பிழையா?

பிழையில்லை, அம்மா. எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் மரணத்தைப் பதிய மட்டும் வழி வைத்தது. 2016 இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல், ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கும் இடம் வைத்தார்கள். உதவி கேட்க அது உதவும், அதை எடுத்தால் தேடுவதைக் கைவிட்டதாக ஆகாது. அதுவும் வேண்டாம் என்று, 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் இருக்கும் தாய்மாரும் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காக மரணச் சான்றிதழே எடுத்த இளம் மனைவிமாரும் உண்டு. இதில் ஒருவருக்கு மற்றவர் தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

மாங்குளம்: முல்லைத்தீவு நீதிபதி பதவியை விட்டுப் போனது சரியா?

தி. சரவணராஜா 2023 செப்டெம்பரில், குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய வழக்கால் உயிர் அச்சுறுத்தல் என்று சொல்லி விலகி, நாட்டை விட்டும் போனார். அச்சுறுத்தல் உண்மையா என்று கேட்டவர்களும் உண்டு. போனது பற்றி ஆளுக்கொரு கதை சொல்லலாம். நான் பார்ப்பது, அந்த வழக்கில் எழுதவேண்டிய கட்டளையை எழுதிவிட்டுத்தான் போனார் என்பதை.

மல்லாவித் தம்பி மறுபடியும்: ஐயா, பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடிதத்தில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. "செய்து சாப்பிடு" மட்டும் வாசிக்கலாம். "நான் வரும்வரைக்கும்" போய்விட்டது.

அந்தப் பாதியை ஒரு கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவாரும். அம்மாவையும் கூட்டிவாரும், மற்றப் பாதி அவருக்குப் பாடமாக இருக்கும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, சபை கூடுகிற பள்ளிக்கூடத்தில் இருப்பேன்.